கூடையின் மேலடுக்கு

ராயபுரம்,
புதன்கிழமை

அன்புள்ள ஆன்சிக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதா துணை நிற்கட்டும். இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதமாட்டேன். போனில் சொல்லலாமே என்பாய், போனை எடுத்தாலே அந்த மனுஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறார். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்புகிற நவ்ரீன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இத்தனை வருஷம் கருவாட்டு மண்டியில் கிடந்தவள் நான், எந்த நாற்றத்துக்கும் மூக்கைப் பொத்தினதில்லை. இப்போது உங்கப்பா வாயைத் திறந்தால் மூத்திர வாடை அடிக்கிறது, குமட்டுகிறது. காலை அமுக்கினால் விரல் பட்ட குழி அப்படியே நிற்கிறது. 'இன்னாமே மொறைக்கிற, வயசானா கால் வீங்காதா' என்று என்னையே அதட்டுகிறார். முழங்கால் எலும்பு வலி வேறு, மூட்டை தூக்கின வலி என்று சொல்லி மெடிக்கலில் கேட்டதெல்லாம் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். பொறுக்கமுடியாமல் தண்டையார்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். அப்பா மாதாமாதம் உனக்குப் படம் எடுத்து அனுப்புகிற அந்த வெறும் வயிற்றுச் சர்க்கரை ரிப்போர்ட்டை அந்தம்மா கையால் கூடத் தொடவில்லை. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, மூத்திரத்தில் புரதம், கிரியேட்டினின், அப்புறம் ஏதோ ஹார்மோன், எல்லாம் எடுக்கச் சொன்னது. எல்லாமே கெட்டு வந்திருக்கிறது.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மாதிரி நாலு சுரப்பி இருக்கிறதாம். சர்க்கரை கிட்னியை அரித்துவிட்டால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து நிதானம் தப்பிப்போகிறது, உடனே அந்தச் சுரப்பிகள் ஹார்மோனை அள்ளிவிட்டு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவுகின்றன. அப்பாவுக்கு அந்த ஹார்மோன் இருக்கவேண்டியதைப் போலப் பல மடங்கு. அவர் விழுங்கின வலி மாத்திரை கிட்னியை இன்னும் கெடுத்திருக்கிறது. டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை, இப்போதே கிட்னி டாக்டரைப் பார்த்தால் தள்ளிப்போடலாம் என்றது அந்தம்மா.

அப்படியானால் மாதாமாதம் உனக்கு அனுப்பின அந்த நல்ல ரிப்போர்ட்டெல்லாம் என்ன என்று ஆட்டோவில் வரும்போது அவரைக் கேட்டேன். சர்க்கரை அடங்கினால் டிக்கெட் போடுகிறேன், பேரனைப் பார்க்க வாங்க என்று நீ சொன்னாயே, அதற்காகவாம். டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னால் சோற்றை விட்டுப் பாகற்காய்ச் சாறு, ஊசி குத்தி முடிந்ததும் நேரே ஜிலேபிக் கடை. 'கூடைக்கு மேல நல்ல மீனா பாத்து வெக்கறதில்லயா, அத்த மாதிரிதான்' என்று சிரிக்கிறார் உங்கப்பா, ஆன்சி. சீ! மேலே நல்லதும் கீழே ஊசினதும் வைத்து வந்த கூடையை ஏலம் விட்டவன் காலடியிலேயே கவிழ்த்தவள் நான். என் வீட்டிலேயே ஒருத்தர் தன் உடம்பை அப்படி அடுக்கிக் காட்டியிருக்கிறார்.

இதற்கு நடுவில் மண்டிக்கு வருகிற முப்பிடாதி ஒரு கறுப்புப் பொடியைக் கொண்டுவந்து, 'கிட்னிய அப்டியே கழுவி வுட்ரும்க்கா' என்றான். முதலில் நீ குடித்து உன் வாயைக் கழுவு என்று சாக்கடையில் கொட்டினேன்.

இப்போது உன்னால்தான் ஆகவேண்டும். கிட்னி டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார், போனால் விஷயம் உனக்குத் தெரிந்து டிக்கெட் போய்விடுமாம். நீ டிக்கெட்டை நிறுத்தாதே, நிறுத்தினால் அந்த ஜிலேபிதான் அவருக்குத் துணை. பேரத்தை மாற்று. 'வெறும் வயிற்றுக் கணக்கு எனக்கு வேண்டாம், கிட்னி டாக்டர் கையெழுத்துப் போட்டு இவர் விமானம் ஏறலாம் என்று சொன்னால் வாங்க' என்று நீயே அவரிடம் சொல்லு. என் பேச்சு அவருக்குக் கருவாட்டு ஏலம் மாதிரி, காதில் விழும், உள்ளே போகாது. அவர் போனில் ரிப்போர்ட் படம் அனுப்பினால் இனிமேல் அந்தச் சிவப்பு இதயத்தை அனுப்பித் தொலைக்காதே.

உனக்கும் பிரசவத்தில் சர்க்கரை வந்தது, மறந்துவிடாதே, நீயும் மூன்று மாதச் சராசரியும் மூத்திரப் புரதமும் பார். மாதா உன் வீட்டைக் காக்கட்டும், சின்னவனுக்கு என் முத்தம்.

உன் அம்மா
வியாகுலம்மாள்

நவ்ரீனிடம் நெத்திலிக் கருவாடு கொடுத்திருக்கிறேன். அடி வரைக்கும் நானே பொறுக்கிப் போட்டது.