ஒரு வரி கீழே இறக்கு

அக்கா,

இன்று காலை கீழே சமையல் கூடத்தில் கடலை வறுத்தார்கள். அந்த வாசம் மாடிப்படி ஏறி நம் அலுவலக அறைக்குள் வந்தபோது நான் கணினியில் நம் பழைய கோப்பைத் திறந்துகொண்டிருந்தேன். திரையின் நடுவே வழக்கமான பெட்டி வந்து நின்றது. இந்தக் கோப்பு வேறொரு கோப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது, அங்கிருந்து புதிய விவரங்களை எடுக்கவா, வேண்டாமா என்று அது கேட்டது. நான் நிமிர்ந்து எதிர் நாற்காலியைப் பார்த்தேன். இரண்டு மாதமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. "இப்போ அழுத்து லா" என்று, எதற்கும் வால் போல ஒட்டும் அந்த 'லா'வோடு நீங்கள் சொல்லாமல் என் விரல் நகர மறுக்கிறது.

உங்களுடையது ஒரு கோப்பு, என்னுடையது ஒரு கோப்பு. கிராஞ்சி தொழிலாளர் விடுதியில் நம் கம்பெனிச் சாப்பாட்டை வாங்கும் ஆட்களின் பெயர், அப்பா பெயர், அறை எண் எல்லாம் உங்கள் கோப்பில். என் கோப்பிலும் அதே பெயர்கள்தான், ஆனால் எதையும் நான் அடித்ததில்லை. என் முப்பதாவது வரி உங்கள் முப்பதாவது வரியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே யார் பெயர் இருக்கிறதோ அது இங்கே தெரியும். பெயருக்குப் பக்கத்தில் மட்டும் என் கையால் குறிப்பு போடுவேன். சைவம், காரம் குறைவு, கடலை ஆகாது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் கீழே இரவுச் சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கட்டுவார்கள். குழம்பில் கடலை அரைத்து ஊற்றும் நாள்களில், கடலை ஆகாதவருக்கு வேறு குழம்பு வைத்துச் சிவப்பு ரப்பர் பேண்ட் போடுவார்கள்.

அந்த இணைப்பைப் போட்டுக் கொடுத்தது நான். நீங்கள் அதைப் பார்த்து வாயில் கை வைத்தது நினைவிருக்கிறது.

"உயர்நிலை மூணுலயே ஸ்கூல விட்டவ. இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?"

"வீடியோ பாத்தேன்க்கா."

"அப்புறம் எதுக்கு ஸ்கூல விட்ட?"

வகுப்பு முன்னால் நின்று பேசச் சொல்லும் நாள்களிலெல்லாம் நான் பள்ளிக்குப் போகமாட்டேன், நாள்கள் கூடிக்கூடி ஒரு தவணை முழுதும் போகாமல் இருந்தேன், பிறகு போகவே முடியவில்லை. இதை உங்களிடம் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினேன். நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்த உங்களிடம். படித்துவிட்டு நீங்கள் சிரிக்கவில்லை. அன்று மாலை உங்கள் கோப்பின் வலது ஓரத்தில், பட்டியலுக்கு வெகு தொலைவில் இருந்த இசட்-1 என்ற கட்டத்தைக் காட்டி, "இதையும் உன் கோப்போட சேர்த்து விடு. நீ பேச வேணாம். நான் பேசுறேன், நீ படி" என்றீர்கள்.

அதிலிருந்து நீங்கள் சொல்லி நான் அழுத்தும்போதெல்லாம், பெயர்களோடு உங்கள் கிண்டலும் வந்து சேர்ந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பீர்கள். "லாரி டிரைவர் புதுச் சட்டை. பாத்தியா ஊமைச்சி?" நான் தாளில் 'பாக்கல' என்று எழுதி நீட்டுவேன். நீங்கள் அறையே அதிர, "பொய்! காது செவக்குது பாரு!" என்பீர்கள்.

பட்டியலைப் பாதியில் மாற்றிக்கொண்டிருக்கும்போது நான் எடுத்துவிட்டால் எல்லாம் குழம்பிவிடும் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நீங்கள் சொன்னால் மட்டும் 'அப்டேட்'. சொல்லாத நாளில் 'வேண்டாம்'. அது நம் இருவருக்கு மட்டுமே தெரிந்த வழக்கம். எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

நீங்கள் கடைசியாக வேலைக்கு வந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே உங்களுக்குக் காய்ச்சல். அச்செடுத்த தாளைக் கீழே கொடுத்துவிட்டு நான் மேலே வந்தபோது உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. மேசையில் தைல வாசம் மட்டும் மிச்சம். திங்கட்கிழமை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை நீங்கள் இல்லை என்றார்கள். அந்த நாள்களிலெல்லாம் பெட்டி வந்து கேட்டது. சொல்ல ஆள் இல்லாததால் நான் 'வேண்டாம்' அழுத்தினேன். உங்களை வழியனுப்பிவிட்டு வந்த பிறகும் அதையே அழுத்தினேன்.

அடுத்த திங்கட்கிழமை பாஸ் நம் அறை வாசலில் வந்து நின்றார்.

"புதுசா சேர்ந்த ஆளுக்கு ஒரு வாரமா சாப்பாடு போகலையாம். விடுதியில இருந்து போன் பண்ணித் திட்டுறாங்க. லிஸ்ட்ட அப்டேட் பண்ணலையா நீ?"

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுத்தினேன். முப்பதாவது வரியில் சண்முகம் என்ற புதுப் பெயர் வந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். அந்த நொடியில் வலது ஓரத்து இசட்-1 கட்டத்திலும் ஏதோ மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அக்கா. அங்கே போகப் பயமாக இருந்தது. அதில் உங்கள் கடைசிச் சொல் இருக்கும். அதைப் படித்துவிட்டால் அதற்குப் பிறகு ஒன்றும் வராது. படிக்காமல் அச்செடுத்துக் கீழே அனுப்பினேன்.

அன்று எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. கடலை அரைத்து ஊற்றியது.

விடுதியில் இரண்டு செல்வம் இருப்பதை நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். பதினான்காம் அறையில் மாரிமுத்து மகன் செல்வம், பதினைந்தாம் அறையில் கருப்பையா மகன் செல்வம். பட்டியலில் அடுத்தடுத்த வரிகள். கடலை ஆகாதவர் கருப்பையா மகன். சிவப்பு பேண்ட் வரவில்லை என்றால் இன்று கடலை இல்லை என்று நம்பிச் சாப்பிடுகிறவர். அன்றைக்கு அவர் பொட்டலத்தில் பேண்ட் இல்லை. பக்கத்து அறைச் செல்வத்தின் பொட்டலத்தில் இருந்தது. இரண்டு வாய்க்குள் முகம் வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துவிட்டார். ஆனால் பிழைத்துவிட்டார் என்ற செய்தி மறுநாள் காலை பதினொரு மணிக்குத்தான் எனக்கு வந்தது. அதுவரை நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று என்னால் எழுத முடியாது.

பாஸ் உங்கள் கோப்பைத் திறந்து பார்த்தார். "இங்க பாரு. கடைசி நாள்ல நடுவுல ஒரு வரிய சொருகியிருக்கா. அதுல எல்லாம் கலைஞ்சு போச்சு. காய்ச்சல்ல பண்ணது, பாவம். அப்படியே விடுதிக்கு எழுதிக் கொடுத்துடுறேன்."

நான் நிமிரவில்லை.

"போனவளுக்கு இனிமே என்ன ஆகப் போகுது? உனக்கு வேலை இருக்கும். என்ன?"

என் மௌனத்தை அவர் சரி என்று எடுத்துக்கொண்டார். அது சரி என்பதுதான்.

உங்கள் குவளையையும் சால்வையையும் கொடுக்கத் தேக்கா சந்தை மாடியில் உங்கள் அம்மாவின் தையல் கடைக்குப் போனேன். அம்மா ஒரு ரவிக்கையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தார். லாரி டிரைவர் எனக்கு முன்பே வந்து போயிருக்கிறார்.

"அந்தப் புள்ள பொழச்சுக்கிச்சா?"

"பொழச்சுட்டாரும்மா."

"இவ லிஸ்ட்ல தப்பாம். அந்தத் தம்பி சொன்னாரு. கூடவே இருந்தவ நீதான, நீ சொல்லு. இவ தப்புதானா?"

நான் தையல் இயந்திரத்தின் ஊசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். "சின்னதுல இருந்தே அவசரக்காரி. பாதியில விட்டுட்டு ஓடுவா" என்றார். சால்வையை மடித்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

சிராங்கூன் சாலையில் பேருந்துக்கு நிற்கும்போது அந்த வார்த்தை என்னை விடவில்லை. நீங்கள் எதையும் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. ஒரு பட்டியலை முடிக்காமல் சாப்பிடக்கூடப் போகமாட்டீர்கள். நான் வாய் திறக்காததால் அம்மாவின் நினைவில் இப்போது உங்கள் இடத்தில், பாதியில் விடுகிற ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் எல்லாரும் வருவதற்கு முன்பே போனேன். இரண்டு கோப்புகளையும் அருகருகே திறந்து, ஒவ்வொரு கட்டமாகச் சொடுக்கிப் பார்த்தேன். என் முதல் வரி உங்கள் முதல் வரியைப் பார்க்கிறது. சரி. இரண்டாவது, சரி. இருபத்தொன்பது வரை எல்லாம் சரி. சைவக்காரர்களும் காரம் ஆகாதவர்களும் அதற்குள் முடிந்துவிட்டார்கள். முப்பதில் நீங்கள் சண்முகத்தைச் சேர்த்திருந்தீர்கள். அவர் அறைக்கு அதுதான் இடம், நீங்கள் செய்தது சரி. அதற்குக் கீழே எல்லாப் பெயர்களும் ஒரு வரி இறங்கியிருந்தன. என் கோப்பிலும் பெயர்கள் இறங்கின. நான் கையால் போட்ட குறிப்பு இறங்கவில்லை. இணைத்த பெயர் நகரும், பக்கத்தில் தட்டிய சொல் நகராது. அவ்வளவுதான் கோளாறு.

முப்பத்திரண்டாவது வரியில் 'கடலை ஆகாது' அப்படியே இருந்தது. பக்கத்தில் 'செல்வம்' என்றுதான் இருந்தது. அதனால்தான் என் கண் நிற்கவில்லை. அறை எண் பதினான்கு என்று காட்டியது, அதையும் பார்க்கவில்லை. தாள் ஒரே பக்கத்தில் அடங்கட்டும் என்று அப்பா பெயரை நான் மறைத்து வைத்திருந்தேன். அதைத் திறந்தேன். மாரிமுத்து.

இணைத்த கட்டங்களில் இன்னும் பார்க்காதது ஒன்றே ஒன்று. வலது ஓரத்துக்குப் போனேன்.

"முப்பதுல புது ஆள் சேத்துட்டேன். உன் குறிப்ப ஒரு வரி கீழ இறக்கு. ரெண்டு செல்வம் இருக்கான், அப்பன் பேர பாரு. மறக்காத ஊமைச்சி. திங்கள் வரேன்."

கண் சிவந்து, தலை வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இதை எனக்காக அடித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்தச் சொல், பாஸ் வாசலில் வந்து நின்ற திங்கட்கிழமை மதியமே என் கோப்புக்கு வந்துவிட்டது. குழம்பு ஊற்றுவதற்கு முன்பே வந்துவிட்டது.

பாஸ் வந்ததும் எழுந்து நின்றேன்.

"பாஸ், அக்கா தப்பு இல்ல. என் தப்பு."

"என்னது?"

"அவங்க எழுதி வச்சிருந்தாங்க. நான் படிக்கல."

அவர் குனிந்து திரையைப் படித்தார். "அன்னிக்குக் கேட்டப்ப வாய் எங்க போச்சு உனக்கு? லெட்டர் போயாச்சு லா."

"மாத்தி அனுப்புங்க."

"உன் பேரப் போடணும், தெரியுமா?"

"போடுங்க பாஸ்."

போட்டார். எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இன்னொரு தவறு என்றால் எனக்கு வேலை இல்லை. அதைப் பற்றிக் குறை இல்லை.

அன்றே மறுபடியும் தேக்காவுக்குப் போனேன். திரையைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆங்கில எழுத்து அவருக்குப் படிக்க வராது. "நீயே படி" என்றார். அக்கம்பக்கத்துக் கடைகளில் ஆட்கள் இருந்தார்கள். மறுபடியும் வகுப்பு முன்னால் நிற்பது போல இருந்தது. படித்தேன். ஊமைச்சி என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடியும் அதிலிருந்து படித்தேன்.

"உன்ன அப்படித்தான் கூப்பிடுவாளா?"

"ஆமாம்மா. நான் இதப் படிக்காம விட்டுட்டேன். அவங்க எதையும் பாதியில விடல."

அம்மா கைப்பேசியை என் பக்கம் நீட்டி, "இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். மூன்றாவது தடவையும் கேட்டார். 'திங்கள் வரேன்' என்று நான் முடித்ததும் இயந்திரத்தின் பக்கம் திரும்பி மிதிக்கத் தொடங்கிவிட்டார். என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. நான் படிக்கட்டுக்குப் போகும்போது இயந்திரம் நின்றது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை தெரியாது. கருப்பையா மகன் செல்வத்தின் முன்னால் போய் நிற்கவும் இன்னும் முடியவில்லை. போக வேண்டும்.

இப்போது புதுக் கோப்பு ஒன்று செய்திருக்கிறேன். அதில் குறிப்பு, வரி எண்ணைப் பார்க்காது; ஆளின் வேலை அனுமதி அட்டை எண்ணைப் பார்க்கும். பெயர் எங்கே நகர்ந்தாலும் குறிப்பும் கூடப் போகும். அப்பா பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. தாள் இரண்டு பக்கம் ஆகிறது, ஆகட்டும். பழைய கோப்பில் இணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டேன். இசட்-1 மட்டும் மிச்சம். அதை வெட்டினாலும் உங்கள் எழுத்து அழியாது, அப்படியே உறைந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வெட்டிவிட்டால் அந்தப் பெட்டி வந்து என்னைக் கேட்காது.

இன்று காலை 'அப்டேட்' அழுத்தினேன். அதே சொற்கள்தான் வந்தன. முதலில் அதைப் படித்தேன், பிறகுதான் வேலை.

கடலை வறுத்த நாள்களில் நான் தாளைக் கீழே கொடுத்துவிட்டு வந்துவிடுவதில்லை, அக்கா. பொட்டலம் கட்டும் மேசையின் முனையில் நிற்கிறேன். பாத்திரச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் கத்த வேண்டியிருக்கிறது. என் குரல் இன்னும் நடுவில் உடைகிறது. கீழே இருக்கும் அண்ணன் ஒருவர், "கேட்டுச்சு லா, ஊரே கேட்டுச்சு" என்கிறார். காது சிவக்கிறது. இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன்.

"பதினஞ்சாம் ரூம் செல்வம்! அப்பா பேரு கருப்பையா! கடலை ஆகாது!"