மெதுவாக ஊதிய சுரங்கள்

என்னங்க,

தங்கை வீட்டுக்குப் போய்விட்டு மூன்று மணிக்குள் வந்துவிடுவேன். நீங்கள் அசந்து தூங்கினீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. குழாய்க்காரர் பதினொரு மணிக்கு வருவார். குளியலறைக் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நேற்றைய சண்டையில் நீங்கள் சொன்னதுதான் சரி.

"இது என் கிளாரினெட்டே இல்ல. கீபோர்டுல எந்தக் கட்டைய எப்படித் தொட்டாலும் ஒரே மாதிரி கத்துது," என்றீர்கள்.

"நீங்க ஊதினதைத்தானே பதிஞ்சு கம்ப்யூட்டர்ல ஏத்தி கீபோர்டோட சேர்த்தேன், கம்ப்யூட்டருக்குத் தொண்டையா இருக்கு கத்தறதுக்கு?" என்று நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

உங்கள் பல்லையெல்லாம் எடுப்பதற்கு முந்தின வாரம் ஒவ்வொரு சுரத்தையும் இரண்டு தரம் ஊதினீர்களே, ஓங்கி ஒரு தரம், மெதுவாக ஒரு தரம். மெதுவாக ஊதியதையெல்லாம் ஒத்திகை என்று நினைத்து நான் சேர்க்கவே இல்லை. இன்று விடிந்ததும் உட்கார்ந்து அத்தனையும் சேர்த்துவிட்டேன். இனிக் கட்டையை அழுத்தித் தொட்டால் ஓங்கி ஊதின சுரம் வரும், மெல்லத் தொட்டால் மெதுவாக ஊதின சுரம் வரும். பல்செட் போட்டால் ஊத வரவில்லை என்று மூலையில் உட்கார வேண்டாம். விரல் போதும்.

கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருக்கிறேன். நீங்களும் அணைத்துவிடாதீர்கள்.

பால் காய்ச்சியாகிவிட்டது, மறுபடி காய்ச்ச வேண்டாம்.

இன்னொன்று. நடுவில் ஒரு கட்டையை மெல்லத் தொட்டால், சுரம் முடிந்ததும் "போதுமாடி, வாய் வலிக்குது" என்று உங்கள் குரல் வரும். அதை வெட்டச் சொல்லாதீர்கள், வெட்ட மாட்டேன்.