தொப்பை போன வழி

ஜூன் 3

வேலைக்கான உடல்தகுதிச் சோதனை. எடை மேடையில் ஏறியதும் முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஆறு வாரத்துல அஞ்சு கிலோ குறையணும். இல்லேன்னா கையெழுத்துப் போடமாட்டேன். பஸ் ஓட்ட முடியாது."

பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறேன். ஸ்டியரிங்கை விட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது?

ஜூன் 4

பசி.

ஜூன் 13

அரை வயிற்றுச் சாப்பாட்டில் ஒரு கிலோ குறைந்திருக்கிறது! "அந்த ஒரு கிலோ எங்கண்ணே போச்சு?" என்றான் கண்டக்டர். எரிந்து வெறும் சூடாகப் போய்விட்டது என்று அடித்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். வேதியியல் டீச்சர் ஆயிற்றே. "இருபது வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணிட்டு இப்படியா பேசுவீங்க? அணு காணாமப் போகாதுங்க. கொழுப்புல இருக்கிற கார்பன், நீங்க இழுக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து மூச்சுல வெளிய போகுது. மிச்சம் தண்ணியாப் போகுது. ஒரு அணுகூட அதிகமாகாது, குறையாது."

அட! இவ்வளவு சுலபமான வழி மூக்கிலேயே இருக்க, பட்டினி கிடந்தேனே!

ஜூன் 14

பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. ஸீட்டில் உட்கார்ந்தபடியே புஸ் புஸ்ஸென்று ஊதித் தள்ளினேன். முதல் நிமிஷம் — சந்தோஷம். இரண்டாவது நிமிஷம் விரல் மரத்தது. மூன்றாவதில் பஸ் சுற்றியது. நின்றுகொண்டிருந்த பஸ்!

கண்டக்டர் என்னைப் பின் ஸீட்டில் சாய்க்க, பயணிகள் செய்தித்தாளால் விசிறினார்கள். "பாவம், பிரசவ வலி மாதிரியே மூச்சு வாங்குறாரு" என்றார் ஒரு அம்மா. வயிற்றைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். வேறு டிரைவர் வந்து வண்டியை எடுத்தார். மானம் போச்சு.

மனைவி சிரித்து முடிக்கவே கால் மணி நேரம் ஆனது. பிறகு கண் கலங்கிவிட்டாள். "ஊதினா கரையாதுங்க. உடம்புல கொழுப்பு எரிஞ்சாத்தான் கார்பன் வெளிய வரும். அதுக்கு நடக்கணும். நானும் வரேன். தனியா விட்டா ரோட்டுல விழுந்து கிடப்பீங்க."

ஜூன் 22

தினமும் மாலை ஆறு மணிக்கு நடை. அவள் பேசிக்கொண்டே வருகிறாள். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. தலைமையாசிரியருக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'மந்த வாயு'. "யாரோடவும் சேரமாட்டாரு!" நடுரோட்டில் சிரித்தேன். இருபது வருஷமாக இதையெல்லாம் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்?

ஜூலை 9

பக்கத்து வீட்டுத் தபால்காரர் மதிலுக்கு மேலாக ஒரு பூசணிக்காயை நீட்டினார். "இந்த மாசம் கொடி தறிகெட்டு வளருது."

"செடி காத்துல இருக்கிற கார்பனைத்தான் எடுத்துக்கும்" என்றாள் மனைவி, என்னை ஒரு மாதிரி பார்த்தபடி. காயைத் தட்டிப் பார்த்தேன். உருண்டை; கெட்டி; ஒரு பக்கம் லேசான தொங்கல். சந்தேகமே இல்லை, என்னுடையதுதான். தின்றால் திரும்பி வந்துவிடுமே? கண்டக்டருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 15

ஐந்து கிலோ இருநூறு கிராம் குறைந்துவிட்டது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே நடக்க வேண்டியதில்லை" என்றேன்.

"ஆமா" என்றாள், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆறு மணிக்கு இருவரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம்.