பாதியில் நின்ற கை

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே ஒரு லாரி கான்கிரீட்டைத் திருப்பி அனுப்பினேன். தண்ணீர் அதிகம், தள்ளுவண்டியில் கொட்டினால் தானாகவே நடந்து போய்விடும் போல இருந்தது. டிரைவர் கத்தினார். "போய்ட்டு வாங்க"ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கான்கிரீட் தரம் பார்க்கும் இன்ஜினியர் நான், அந்த விஷயத்தில் புலி. அதைத் தாண்டி ஓர் அடி வைத்தால் பூனை, அதுவும் நனைந்த பூனை.

வேலை தொடங்கும் முன் பாதுகாப்புக் கூட்டம். வழக்கமான பாடம்தான். கிரேனுக்குச் சைகை காட்டுவது ஒரே ஒருவர், எங்கள் தளத்தில் அது விசில் அண்ணன். ஆனால் நிறுத்தச் சொல்லும் சைகையை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம், வாட்ச்மேன்கூட. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வீச வேண்டும். விசில் அண்ணன் வீசிக் காட்டியதும் எல்லோரும் பிளம்பர் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். போன வருடம் அவர் அப்படிக் கையை வீசி கிரேனை நிறுத்த, சுமையில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து அவர் "ஸ்டாப் மாமா". பெயர் வைத்தது நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மார்ச் 6, வியாழன்

நாள் முழுக்கக் காற்று. கிரேன் ஓடவில்லை. எனக்குத்தான் கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்க்கும் கியூப் சோதனை தலைக்கு மேல் கிடக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்றாவது தளத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். கீழே கம்பிக் கட்டைத் தூக்கினார்கள். அந்தக் கட்டுக்கு இரண்டு இடத்தில் பெல்ட் போட்டுத் தூக்குவார்கள். அதில் ஒரு பெல்ட் நடுவை நோக்கி நழுவிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. விசில் அண்ணன் நின்ற பக்கத்திலிருந்து தெரிந்திருக்காது.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். கை எழும்பியது. அதற்குள் என்னென்னவோ ஓடியது. அவருக்குத் தெரியாததா? கம்பி என் வேலையா? நிறுத்தி ஒன்றும் இல்லையென்றால்? நாளைக்கு எனக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

எழும்பிய கையைத் தலைக்குக் கொண்டுபோய் ஹெல்மெட்டைச் சரிசெய்தேன். சரியாகத்தான் இருந்தது ஹெல்மெட்.

கட்டு சாய்ந்தது. மூன்று நான்கு கம்பிகள் உருவிக்கொண்டு விழுந்தன. ஒன்று தரையில் குத்தித் துள்ளி விசில் அண்ணன் காலில் — ஷூவின் இரும்பு முனைக்கு மேலே, பாதத்தில். அந்தச் சத்தம். அப்புறம் அவர் போட்ட சத்தம். எல்லோரும் ஓடினார்கள், நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன்.

மார்ச் 12, புதன்

விசாரணை. "யாராவது பார்த்தீங்களா?" என்று மேனேஜர் கேட்டார். வாய் வரைக்கும் வந்தது. "நான் கியூப் அச்சு எண்ணிக்கிட்டு இருந்தேன் சார்"னு மென்று முழுங்கிட்டேன். பெல்ட் பழசு என்று முடித்துவிட்டார்கள். பெல்ட் மேல் பழி போட்டால் அதற்கு வாய் இல்லை, வசதி.

மார்ச் 15, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசில் அண்ணனுக்கு இரண்டு கால் விரல்களை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி, அண்ணி, என்னைப் பார்த்ததும் எழுந்து தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தந்தார். "ஆபீஸ்லேருந்து நீங்க ஒருத்தர்தாம்மா உள்ள வந்து உக்காந்தீங்க, மத்தவங்கல்லாம் கதவுகிட்ட நின்னு பாத்துட்டுப் போயிடுறாங்க" என்றார். ஆப்பிள் நறுக்கித் தட்டில் வைத்தார். சாப்பிட்டேன். எப்படித்தான் இறங்கியதோ.

அண்ணி தண்ணீர் பிடிக்க வெளியே போனபோது அண்ணன் மெதுவாகக் கேட்டார்:

"மேடம், அன்னைக்கு நீங்க கையத் தூக்குனீங்களா?"

"ஹெல்மெட் லூசா இருந்துச்சுண்ணே. சரி பண்ணேன்."

"ஓ... ஹெல்மெட்டா." கூரையைப் பார்த்தார். "நீங்க நிறுத்தச் சொல்றீங்களோன்னு நெனச்சு மேல பாத்துட்டேன். அந்த நேரத்துலதான் கம்பி எறங்கிடுச்சு."

அவர் குற்றம் சொல்லவில்லை. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஏதோ கணக்கு ஒத்துப்போகாதவர் போலச் சொன்னார்.

ஆட்டோவில் வரும் வழியில்தான் முழுசாக உறைத்தது. நான் சும்மா நின்றிருந்தால் அவர் கண் சுமையின் மேலேயே இருந்திருக்கும். ஒதுங்கியிருப்பார். நான் முழுதாகக் கையை நீட்டியிருந்தால் கிரேன் நின்றிருக்கும். இரண்டும் செய்யாமல், பாதி தூக்கினேன். அந்தப் பாதிதான் அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

மார்ச் 16, ஞாயிறு

நான்தான் செய்தேன். வேறு யாரும் இல்லை.

மார்ச் 19, புதன்

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே ஆறுதல் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். சொல்லவில்லை. "அவர்கிட்ட எப்ப சொல்லப்போற?" என்றார். சோற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

குளியலறைக் கண்ணாடி முன்னால் அந்தச் சைகையைச் செய்து பார்த்தேன். இரண்டு கையும் நேராக, வீசி. முழங்கை பட்டு ஷாம்பு பாட்டில் விழுந்தது. கதவுக்கு வெளியேயிருந்து மகள் கேட்டாள், "அம்மா, உள்ள யாரோட சண்டை?" நல்ல கேள்வி.

மார்ச் 24, திங்கள்

கான்கிரீட்டைத் தாங்கும் ஷட்டரிங் பலகைகளைத் தூக்கினார்கள். ஒரு பலகை துருத்திக்கொண்டு நின்றது. கையைத் தூக்க நினைத்தேன், தோள் அசையவில்லை. "ஏய்" என்று கத்தப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. சுமை பத்திரமாக இறங்கிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை.

ஆகாதது என் புண்ணியமா? இல்லையே. ஒரு மனுஷன் விரலைப் பறிகொடுத்துட்டுப் படுத்துக் கிடக்கார், எனக்கு இன்னும் வெக்கம் பெரிசா இருக்கு. சீ.

மார்ச் 28, வெள்ளி

கிரேன் ஆபரேட்டரை நாங்கள் "கடவுள்" என்போம். உச்சியில் உட்கார்ந்திருப்பார், கூப்பிட்டால் பதில் வராது. இன்று சாப்பாட்டுக்குக் கீழே இறங்கியபோது பிடித்துக்கொண்டேன். "நான் கை காட்டினா நிறுத்துவீங்களா? நான் இன்ஜினியர், சிக்னல் ஆள் இல்ல."

"அம்மா, மேலேருந்து பாத்தா இன்ஜினியரும் தெரியாது, மேஸ்திரியும் தெரியாது. எல்லாம் ஹெல்மெட்டுதான். யாரு கையை விரிச்சாலும் நிறுத்துவேன்." டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "இதுவரைக்கும் ஒரே ஒரு ஆளுதான் விரிச்சாரு. அவரையும் கிண்டல் பண்ணியே ஒரு வழி ஆக்கிட்டீங்க. அப்புறம் எவன் கையத் தூக்குவான்?"

அந்தப் பெயரை யார் வைத்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தும் சொல்லியிருக்கலாம்.

மாலையில் பிளம்பரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குங்க மேடம்?" என்று விழித்தார். விளக்கியபோது சிரித்தார், ஆனால் சிரிப்பு கண்வரை போகவில்லை. "வீட்டுல பசங்களும் அப்படித்தான் கூப்புடுதுங்க" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

நிறுத்தினேன்.

கான்கிரீட் வாளி மேலே போய்க்கொண்டிருந்தது. அடியில் ஏதோ தொங்கி ஆடியது. யோசிக்க ஆரம்பித்தேன் — அவ்வளவுதான், யோசனை ஆரம்பித்தாலே ஆபத்து என்று பட்டது. கையிலிருந்த ஃபைலைக் கீழே போட்டேன். இரண்டு கைகளையும் நீட்டி வீசினேன். இந்த முறை கை எங்கும் ஒளியவில்லை.

கிரேன் நின்றது. அத்தனை இரைச்சலும் அடங்கி எல்லோர் முகமும் என் பக்கம். கையை இறக்கவில்லை.

பார்த்தால் சாக்குத்துணி. வாளியில் சிக்கிய வெறும் சாக்குத்துணி. புது சிக்னல்காரர் அதை உருவி எறிந்துவிட்டு, "இதுக்குத்தானா மேடம்?" என்றார். கான்கிரீட் லாரிகள் வரிசையில் நின்றன. மேனேஜர் ஓடி வந்து, "யாரு நிறுத்தினது?" என்றார். "நான்தான் சார்." "எதுக்கு?" "சந்தேகமா இருந்துச்சு சார்." அவர் திட்டிய திட்டில் பாதி காதில் விழவே இல்லை. பயந்தது எல்லாம் நடந்துவிட்டது. இவ்வளவுதானா இது? இந்த இரண்டு நிமிட அவமானத்துக்குப் பயந்தா ஒரு மனிதரின் காலை...

சந்தோஷப்படத் தோன்றவில்லை. உட்கார்ந்து அழத்தான் தோன்றியது. ஆனால் அடுத்த லாரிக்குச் சோதனை எடுக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரே அறை. காலை ஒரு தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். அண்ணி தேநீர் கொடுத்தார். ஆறும்வரை காத்திருந்தால் மறுபடி தள்ளிப்போடுவேன் என்று தெரியும். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, ஹெல்மெட் லூசா இல்ல. பெல்ட் நழுவுறத நான் பாத்தேன். நிறுத்தத்தான் கையத் தூக்கினேன். பயந்துட்டேன். ஆஸ்பத்திரியில உங்ககிட்ட பொய் சொன்னேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் எதுவோ தளர்ந்தது.

"அப்ப நான் பாத்தது சரிதான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இத்தனை வருசத்துல தூக்குற சுமைய விட்டு நான் கண்ண எடுத்ததே இல்ல மேடம். யாரோ ஹெல்மெட்ட சரி பண்ணதுக்குப் போய் பராக்கு பாத்துட்டேனேன்னு... தொழிலே மறந்துபோச்சா எனக்குன்னு... படுத்துக்கிட்டு அதையேதான் நெனச்சுட்டு இருந்தேன்." அண்ணியிடம் திரும்பினார். "கேட்டியா? நான் சைகையத்தான் பாத்திருக்கேன்."

விரல்களை மட்டும் இல்லை, அதையும் நான்தான் எடுத்திருக்கிறேன். ஒரு பொய்யால், மூன்று வாரமாக.

அண்ணி தேநீர் நிறைந்திருந்த என் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தார். நான் கிளம்பியபோதும் திரும்பவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

மேனேஜரிடமும் சொன்னேன். விசாரணையில் நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். வரட்டும்.

ஏப்ரல் 9, புதன்

இன்று இரண்டு முறை நிறுத்தினேன். ஒரு முறை ஒன்றும் இல்லை. இன்னொரு முறை கொக்கி முழுதாக மாட்டியிருக்கவில்லை, கீழே நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார். என் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "இருங்க, அவர்கிட்ட குடுக்கறேன்" என்றார்.