விளக்கில்லாத சந்தியில் அப்பா

ஃப்ரீஸ்லாந்து,
அக்டோபர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். லாகோஸ் துறைமுகத்தில் உங்கள் தூர்வாரும் கப்பலின் எஞ்சின் இப்போது மக்கர் செய்யாமல் ஓடுகிறதா?

நீங்கள் திரும்பும்வரை அப்பா வேலைக்குப் போக வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குக் கிளம்பிவிட்டார். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

நம் சந்தியில் சிக்னல் விளக்கு, வெள்ளைக்கோடு, நடைபாதை விளிம்பு எல்லாவற்றையும் நகரசபை எடுத்துவிட்டது. இனி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வழிவிட வேண்டுமாம். ஐந்து நாள் நோட்டுடன் நின்று கவனித்தேன். நன்றாகவே நடக்கிறது, அம்மா. விளக்கைப் பார்த்து ஓட்டியவர்கள் இப்போது ஆளைப் பார்த்து ஓட்டுகிறார்கள். வேகமும் குறைந்துவிட்டது.

ஆனால் கண் தெரியாத அப்பா யார் முகத்தைப் பார்ப்பார்? விளக்கின் டிக்டிக் ஓசையும் இல்லை, குச்சியில் தட்டுப்பட விளிம்பும் இல்லை. முதல் நாள் ஓரத்திலேயே நின்றுவிட்டார். பால் வண்டிக்காரர் யெல்லே வண்டியை நிறுத்திக் கையசைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஏழு கார்கள். கடைசியில் இறங்கி வந்து, “எவ்வளவு நேரமா கையைக் காட்டுறேன், பார்க்கலியா?” என்றார்.

“பார்க்க முடிஞ்சா இந்தக் குச்சியைத் தூக்கிட்டு ஏன்யா அலையறேன்? வாயைத் திறந்து கூப்பிடு” என்றார் அப்பா.

யெல்லேவின் காது சிவந்துவிட்டது. அப்பாவின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார். மறுநாள் வண்டிக் கண்ணாடியை இறக்கி, “வீப்ரன், வாங்க” என்று கூப்பிட்டார். இப்போது ரொட்டி வண்டிக்காரரும் பேருந்து ஓட்டுநரும்கூட அப்படித்தான்.

பழைய விளக்கே வேண்டும் என்று தெருக்காரர்கள் மனு எழுதி, முதல் கையெழுத்துக்கு அப்பாவிடம் வந்தார்கள். போடவில்லை. “பதிமூணு வருஷம் அந்த விளக்கடியில நின்னேன். ஒருத்தனுக்கும் என் பேர் தெரியாது” என்றார். நகரசபைப் பொறியாளரிடம் போய், சந்தியின் குறுக்கே குச்சியில் தட்டுப்படும்படி ஒரு வரிசை வரிவரியான கல் மட்டும் கேட்டார். போன செவ்வாயன்று பதித்துவிட்டார்கள்.

சைக்கிள்கள்தான் சத்தமில்லாமல் வருகின்றன. ஒருமுறை ஒன்று உரசி முழங்கால் சிராய்ந்தது. உங்களிடம் சொல்லக் கூடாது என்றார். மறைக்க எனக்கு மனமில்லை. அடுத்த நாளும் போனார். நேற்று மட்டும் கடையில் வளைந்த ஒன்பது சக்கரங்களுக்குக் கோட்டம் எடுத்தாராம்.

வெள்ளிக்கிழமை வந்திறங்கியதும், மாலை ஐந்தரைக்குச் சந்தியின் நம் வீட்டுப் பக்கம் வந்து என்னோடு நில்லுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து அப்பா இறங்குவார். உங்களுக்குக் கால் பரபரக்கும், எனக்கும் தினமும் பரபரக்கிறது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிடாதீர்கள், அம்மா. அவர் வந்து சேரும்வரை பொறுத்திருங்கள்.

உங்கள் அன்பு மகள்,
நீன்கே