நாற்பது எண்ணும் வரை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் உன் அப்பா இருக்கிறார், அதனால்தான். சலவைக் கடையின் பின்னறையில் தையல் மிஷினைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு எழுதுகிறேன். பதினோரு பேண்ட்டுக்கு அடி மடித்துத் தைக்க வேண்டும், கிடக்கட்டும். உன் கச்சேரி எப்படி இருந்தது என்று நீ கேட்டபோது எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள் என்று சொன்னேன் இல்லையா, அது பொய் இல்லை. ஆனால் எப்போது தட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். லிஃப்ட் கம்பெனியில் இடது காது கேட்கவில்லை என்று அப்பாவை வீட்டுக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. அதில் முக்கால்வாசி நாளும் அவர் எப்படி இருந்தார் என்பதை உன்னிடம் மறைத்துத்தான் வைத்தேன். சவரம் கிடையாது, பேச்சு கிடையாது, நான் வேலைக்குக் கிளம்பும்போது உட்கார்ந்திருந்த நாற்காலியில் திரும்பி வரும்போதும் உட்கார்ந்திருப்பார். ஏதாவது கேட்டால் உம் என்பார். சண்டைக்குக் கூட வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நூலக மாடியில் ஆறு சனிக்கிழமை, இந்தக் காலத்துப் பெண்கள் எழுதிய இசை மட்டும் வாசிக்கப் போகிறார்கள், நாலாவது வாரம் உன்னுடையது என்று நோட்டீஸ் வந்த அன்றுதான் மனுஷன் எழுந்து கண்ணாடி பார்த்தார். முதல் மூன்று வாரமும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி விடாமல் போனார். அந்த இசை எங்கே முடிகிறது என்பதுதான் இவருக்குப் பிடிபடவில்லை. மூன்று வாரமும் மற்றவர்கள் தட்டிய பிறகுதான் தட்டினார், அது அவருக்குப் பெரிய குறை. எம்பொண்ணு பாட்டுக்கு முதல் கை என்னோடதாத்தான் இருக்கணும் என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும், பேசுகிறாரே என்று நானும் விட்டுவிட்டேன். உன் இசையில் முடிவுக்குச் சற்று முன்னால் வருகிற அமைதியைப் பற்றி நீ என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாய், அப்பாவிடம் சொன்னால் ஊருக்கே சொல்லிவிடுவார் என்றாய். அவரிடம் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை புத்தக வண்டிகளையெல்லாம் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் பதினொன்று அப்பா கூட்டி வந்த ஆட்கள், பழைய லிஃப்ட் கூட்டாளிகள், கீழ்வீட்டு மருந்துக் கடைக்காரர், என் கடை முதலாளி. முன்வரிசையில் நடுவில் நாங்கள். வயலின் இரண்டு, அதைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா ஒன்று, தரையில் ஊன்றி வாசிக்கிற செல்லோ ஒன்று, நால்வரும் பெண்கள். செல்லோக்காரியின் கருப்புப் பாவாடைக்கு நான்தான் அடி மடித்தேன் என்பதால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், தையல் நேராகத்தான் இருந்தது. உன் இசையைப் பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தை தெரியாது. படிக்கட்டு ஏறுகிற சத்தத்தை எப்படிப் பிடித்தாய் என்று மட்டும் கேட்கத் தோன்றியது. அப்புறம் நீ சொன்ன மாதிரியே நால்வரும் வில்லைத் தந்திக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் வேலை முடிந்து வந்து கதவுக்கு வெளியே மூச்சு வாங்கிக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு நிற்பேனாமே, உள்ளே வயலினோடு உட்கார்ந்து நீ நாற்பது வரை எண்ணுவாயாமே, அந்த நாற்பது. அது முடிந்ததும் வயோலா மட்டும் தனியாக வாசிக்கும், அதாம்மா நீ உள்ள வர்றது, அது உனக்குத்தான் என்றாயே. நானும் மனசுக்குள் எண்ணினேன். பதினேழு வரைக்கும் எண்ணினேன். பக்கத்தில் அப்பா பெரிதாக மூச்சு இழுப்பது கேட்டது. ஆயுசு முழுக்க லிஃப்ட்டோடு இருந்தவர், சத்தம் நின்றால் வேலை முடிந்தது என்றுதான் அவருக்குத் தெரியும். கையைப் பிடிக்கலாம் என்று திரும்பினேன், அதற்குள் தட்டிவிட்டார். பதினோரு பேரும் தட்டினார்கள், மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், செல்லோக்காரி தலையை மெல்ல ஆட்டினாள், வயோலா தனியாக வாசிக்காமலே வில்லை இறக்கிக்கொண்டு வணங்கிவிட்டார்கள். உன் அப்பா கன்னமெல்லாம் கண்ணீரோடு நின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. வேறு என்ன செய்வது, நானும் தட்டினேன்.

திங்கட்கிழமை அமைப்பாளர் அம்மா கடைக்கே வந்துவிட்டார். துணி வாங்க வந்தவர் மாதிரி கவுன்டரில் நின்றுகொண்டு, உங்க பொண்ணுக்கு எழுத எனக்குக் கை வரலைங்க என்றார். கடைசிச் சனிக்கிழமை உன்னுடையதை மறுபடியும் முழுசாக வாசிக்கிறோம், இந்தத் தடவை அமைதியில் கை தட்ட வேண்டாம் என்று நோட்டீசிலேயே போட்டுவிடுகிறோம் என்றார். நல்ல மனசு, குறை சொல்ல மாட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் கேட்டு வாங்கினேன். அந்த இரண்டு நாளும் அப்பா தினம் சவரம் செய்துகொண்டு தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் முதல் கை என்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாடு சரியில்லை என்று என்னோடு சண்டை போட்டார், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த மனுஷனை மறுபடியும் அதே நாற்காலியில் உட்காரவைத்து, நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று அச்சடித்துக் கையில் கொடுக்க என்னால் முடியவில்லை. புதன்கிழமை அந்த அம்மாவிடம், வேண்டாம், என் மகளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றேன். உன்னைக் கேட்காமல் உன் பேரில் சொன்னேன். உன் இரண்டு வருஷ உழைப்பு, வேலை முடிந்து வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதியது, அதன் முடிவை உன் அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இதைத்தான் எழுத வந்தேன், மற்றதெல்லாம் சுற்றி வளைத்தது. நாளைதான் கடைசிச் சனிக்கிழமை. வேறொருத்தியின் இசையைப் போட்டு நோட்டீசும் அடித்தாயிற்று, இனி மாற்ற முடியாது.

இதோடு போனாலும் பரவாயில்லை. போன வாரம் நூலகத்திலிருந்து அன்றைய வாசிப்பைப் பதிவு செய்ததைக் கொடுத்தனுப்பினார்கள். அப்பா வலது காதை ஒட்டவைத்துக்கொண்டு காலையும் மாலையும் கேட்டார், கை தட்டல் வரும்போது விரலைத் தூக்கி, இது நான் என்று காட்டுவார். நேற்று முன்தினம் கேட்டு முடித்துவிட்டு அதை அணைத்தார். அப்புறம், முடிஞ்சிருச்சுன்னா அவங்க நாலு பேரும் வில்லை ஏன் கீழ எறக்கல என்று கேட்டார். கை மரத்துப்போயிருக்கும் என்றேன். சரி என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் போடவே இல்லை. இன்று காலையில் சவரம் செய்துகொண்டார், அது ஒன்றுதான் எனக்குத் தெம்பு. அவருக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால், தெரியாமல் இருந்தாலும் தெரிந்துவிடும். கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் முடியவில்லை. ஒருவேளை தெரிந்துகொண்டு எனக்காக மறைக்கிறாரோ என்னவோ. அப்படியென்றால் உன் இசையின் முடிவை நான் வீணாகத்தானே வேண்டாம் என்றேன்.

என் மேல் கோபம் வந்தால் திட்டி எழுது, கடை விலாசத்துக்கு எழுது. அப்பா ஞாயிற்றுக்கிழமை பேசுவார். அங்கேதான் முடிகிறதா என்று உன்னிடம் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை கண்ணு, நீ பெரியவளாகிவிட்டாய், நீயே பார்த்துச் சொல். எதைச் சொன்னாலும் மெதுவாகச் சொல், வலது காதில்தான் வைத்திருப்பார். நீ எழுதுவதெல்லாம் வாசிக்கப்படட்டும், உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் முடிவெடுத்த உன் அம்மா