ஆண்டோவின் கம்ப்யூட்டரில் ஒரு சிவப்பு விளக்கு

என்னங்க,

பாப்பிரெட்டிப்பட்டியில் அக்காவைப் பார்த்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸில் வந்துவிடுவேன். களியும் கொள்ளுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுச் சாலம்மாளிடம் கொடுங்கள்.

நேற்று நம் ஆண்டோவின் பழைய கம்ப்யூட்டரில் நீங்கள் அந்தச் சின்ன விளக்கைப் பொருத்தியபோது, "புள்ளயே போயிட்டான், அவன் பொட்டிக்கு எதுக்குங்க லைட்டு?" என்று கத்திவிட்டேன். "டிஸ்க் ஓடுனா மினுக்கும் ராணி. அவன் எழுதுனதெல்லாம் உள்ளதான் இருக்குது" என்றீர்கள். அப்புறம் சாப்பிடாமலே படுத்துவிட்டீர்கள்.

இன்று காலை அதை அணைக்காமல் காட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள். யாரும் தொடவில்லை. விளக்கு மூன்று முறை மினுக்கியது. மெஷின் தானாக எதையோ படிக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் "சாப்டியாடா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதோடு விடாமல், பதில் வரும் என்று கரண்டியோடு அங்கேயே நின்றேன். களி கொஞ்சம் அடிப்பிடித்திருக்கும்.

நீங்களும் அதை அணைக்காதீர்கள்.

அருள்ராணி

மறந்துவிட்டேன்: அவன் போய் மூன்று வருடம் கழித்து இன்று அவன் அறை ஜன்னலைத் திறந்திருக்கிறேன். மழை வந்தால் மட்டும் சாத்துங்கள்.